நீலத் துணிக்கு முன்னால்

மெற்றில்டாவுக்குக் குரல்களைப் பிடிக்கும்; ஆட்களை அவ்வளவாகப் பிடிக்காது. இதை அவளே வெட்கமில்லாமல் சொல்லிச் சிரிப்பாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் படித்து, குமரியாய் இருந்த காலத்திலேயே கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியின் ரெலிபோன் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் போதும், பம்பாயும் சிங்கப்பூரும் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிடும். கடலுக்கு அடியால் கம்பி போகிறது என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, பேசுகிற சொற்களெல்லாம் மீன்களோடு மீன்களாய் நீந்திப் போவதாக அவளுக்கு ஒரு எண்ணம். சிங்கப்பூர்க் குரல் கொஞ்சம் பிந்தினால், வழியில் ஒரு திருக்கைக்கு ஒதுங்கி நிற்கிறது போல என்று நினைத்துக்கொள்வாள்.

கலியாணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். கொம்பனியின் திருகோணமலைக் கிளையில் ரெலிபோன் பலகையில் இருந்தவர் ஒருவர். என்ன குரல், என் மாதாவே! காலையில் அந்தக் குரல் ‘குட் மோர்னிங் கொழும்பு’ என்றால் அன்று முழுக்க அவளுக்குப் பசிக்காது. வருசக்கணக்காய்க் கதைத்தார்கள். கடைசியில் அவர் ரயிலேறி வந்தார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. அவர் பார்த்தார், இவளும் பார்த்தாள், இரண்டு பேருக்கும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு சோடா குடித்தார்கள், அவர் அடுத்த ரயிலில் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அந்தக் குரலும் பழைய குரலாய் இல்லை. நேரில் பார்த்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்பது அன்றைக்கு அவள் மனதில் விழுந்ததுதான், பிறகு எழும்பவில்லை.

பிறகொரு நாள் கோட்டையில் குண்டு வெடித்து, கொம்பனியின் கண்ணாடியெல்லாம் உள்ளே வந்து விழுந்தது. ஒரு துண்டு அவள் தொடையில் ஏறி, நடையில் ஒரு சாய்வை விட்டுப் போனது. ஜெர்மனியில் இருக்கிற அண்ணன் கொன்ஸ்ரன்ரைனுக்கு அவள் அதைச் சொல்லவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எடுப்பார், ‘எப்பிடி இருக்கிறாய்?’ என்பார், இவள் ‘நல்லா இருக்கிறன்’ என்பாள். அதோடு சரி. கொம்பனி பூட்டுப்பட்ட பிறகு, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் நிலாம் நடத்திய கொமியுனிக்கேசன் கடையில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குப் பேச நாலு கண்ணாடிக் கூடுகள், சில கொம்பியூட்டர்கள், பாஸ்போர்ட் படம் எடுக்க நீலத் துணி தொங்கவிட்ட ஒரு மூலை. ரயில் போகிற நேரம் கூடுகளெல்லாம் மெல்ல நடுங்கும். பின்னேர வெயில் கடலில் பட்டுத் திரும்பி வந்து கண்ணாடியில் அசையும்போது, கூட்டுக்குள் பேசுகிறவர்கள் தண்ணீருக்குள் நின்று பேசுகிறார்களோ என்று மெற்றில்டாவுக்குத் தோன்றும்.

அந்தக் கூடுகளில் நடக்கிற கூத்தைக் கேளுங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள், அழுவார்கள், மூக்கைத் துடைப்பார்கள். மறுமுனையில் ஆள் வந்ததும் குரல் மாறிவிடும். ‘ஓம், நாங்கள் நல்லா இருக்கிறம், ஒரு பிரச்சினையும் இல்லை.’ முதல்நாள் ஆமியின் ரவுண்டப்பில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டு விடியத்தான் திரும்பி வந்த பொடியனும் அதையேதான் சொல்வான். வெளிநாட்டுக்குப் போகிற படம் என்றால் கழுத்தில் இரவல் சங்கிலியாவது கிடக்கவேண்டும். போகிற குரல் என்றால் சிரிக்கவேண்டும். சும்மா சொல்லக்கூடாது, இந்த வித்தையில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை. மெற்றில்டாவுக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை, அவளும் அதே பள்ளிக்கூடம்தானே.

சண்டை திரும்பவும் மூண்டு, யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. ஒரு புதன்கிழமை பின்னேரம் கனகேஸ்வரி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். பக்கத்து ஒழுங்கையில் ஒரு அனெக்ஸில் அறை எடுத்து, கனடாவில் இருக்கிற தம்பி கூப்பிடுவான் என்று காத்திருந்தார்கள். மகளின் பெயர் அபிதாரணி, பதின்மூன்று வயது. நெடிய பிள்ளை. கடைக்குள் வந்து எல்லாவற்றையும் பார்த்தது, ஒன்றும் பேசவில்லை.

“ஊமையில்லை, அக்கா,” என்றாள் கனகேஸ்வரி, கேட்கப்படாத கேள்விக்கு மறுமொழியாக. “முந்தி இவளின்ர வாயை மூடேலாது. இப்பதான் இப்பிடி.”

என்ன நடந்தது என்பதைச் சில புதன்கிழமைகள் கழித்துத்தான் சொன்னாள். “ரெண்டு பேர் மோட்டச்சைக்கிள்ள வந்து படலையில நிண்டவை. இவள்தான் போய்த் திறந்தவள். ‘பிள்ளை, அப்பா நிக்கிறாரோ?’ எண்டு கேட்டினமாம். ‘ஓம்’ எண்டாள். குரலைக் கேட்டு இவர் தானே வெளியில வந்தார். சட்டையும் போடேல்லை. அப்பிடியே ஏத்திக்கொண்டு போட்டாங்கள். அந்த ‘ஓம்’தான் அக்கா பிள்ளை கடைசியாச் சொன்ன சொல்.” பிள்ளை அப்போது கடை வாசலில் நின்று ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படி ஏற்றிக்கொண்டு போனது பிள்ளையின் அப்பா நவரத்தினத்தை. நவரத்தினத்தோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் ஸ்ரீஸ்கந்தராசா. இப்போது லண்டனில் சிறுபிள்ளைகளின் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற டொக்டர். சிநேகிதனின் பிள்ளை என்று தெரிந்ததும், கிழமைக்கு ஒருநாள் கொம்பியூட்டரில் முகம் பார்த்துக் கதைக்கிறேன் என்றார். கொழும்பிலும் ஒரு டொக்டரிடம் காட்டுங்கோ என்றும் சொன்னவர்தான். கனகேஸ்வரி மாட்டேன் என்றுவிட்டாள்.

“கிளினிக் வாங்கில போய் இருந்தால் ஆரேன் காணுவினம் அக்கா. பொம்பிளைப் பிள்ளை. விசர் எண்டு ஒரு பேர் விழுந்தால் பிறகு கழுவேலுமோ? கனடாவுக்கு மெடிக்கலும் இருக்கு. இஞ்ச டொக்டர்மாரும் சிங்களம்.”

“நேரில எதுக்கு?” என்றாள் மெற்றில்டா. “முகம் தெரியுது, குரல் கேக்குது. வேற என்ன வேணும்?” அவளுக்குத் திருகோணமலைக்காரரின் ஞாபகம்.

நிலாம் புதன்கிழமைகளில் நீலத் துணி மூலையை அவர்களுக்கென்றே விட்டான். வேறு யாராவது படம் எடுக்க வந்து நின்றால், “கொஞ்சம் இருங்க, அந்தப் புள்ள பேசி முடியட்டும்” என்பான். பேசாத பிள்ளையைப் பற்றி அவன் இப்படிச் சொல்வது மெற்றில்டாவுக்குச் சிரிப்பாயும் இருக்கும், மனதுக்கு நல்லதாயும் இருக்கும்.

திரையில் டொக்டரின் முகம் மெல்ல மெல்லத்தான் கூடும். முதலில் சதுரம் சதுரமாய் ஒரு மூக்கு, பிறகு கண்ணாடி, பிறகு பின்னால் ஒரு யன்னலும் மழையும். வாய் அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வந்து சேரும். “அபி, இண்டைக்கு இஞ்ச ஒரே மழை. உங்க கடல் என்ன நிறம்?” பிள்ளை கலர்ப் பென்சிலால் கீறி, படத்தைக் கமெராவுக்கு நேரே பிடிக்கும். தலையை ஆட்டும். அந்தத் தலையாட்டு லண்டனுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் அவர் காத்திருப்பார், அவர் சிரிப்பு இங்கே வருகிற வரைக்கும் பிள்ளை காத்திருக்கும். இரண்டு காத்திருப்புக்கும் நடுவில் ரயில் ஒன்று போகும், கூடுகள் நடுங்கும். எங்கோ அரபிக்கடலுக்கு அடியில் இந்தப் பிள்ளையின் தலையாட்டு தனியே நீந்திப் போகிறது என்று மெற்றில்டா மேசையில் நாடியை ஊன்றிக்கொண்டு கனவு காண்பாள். அந்த நேரத்துக்காக அவள் கிழமை முழுக்கக் காத்திருக்கத் தொடங்கினாள்.

இப்போது அந்த அலங்காரத்தைச் சொல்லவேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற முகம் அல்லவா? கனகேஸ்வரி பிள்ளைக்குத் தலை இழுத்து, பூப் போட்ட கிளிப் குத்தி, பொட்டு வைத்துக்கொண்டு வருவாள். காணாது என்று மெற்றில்டா தன் கைப்பையைத் திறந்து பவுடர் போடுவாள், கன்னத்தில் உதட்டுச் சாயத்தை ஒரு துளி தேய்த்து விடுவாள், படம் எடுக்கிற லைற்றை முகத்துக்கு நேரே திருப்புவாள். நீலத் துணிக்கு முன்னால் பிள்ளை கலண்டர் குழந்தை மாதிரி இருக்கும். பிள்ளையை வைத்தியருக்குக் காட்டுகிறோமா, சம்பந்தக்காரருக்குக் காட்டுகிறோமா என்ற யோசனையே இரண்டு பெண்களுக்கும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை கழுத்துப் பட்டியைச் சரிசெய்யப் போன மெற்றில்டாவின் கை பிள்ளையின் தோளில் பட்டது. திடுக்கிட்டாள். துணிக்குக் கீழே துணி, அதற்குக் கீழேயும் துணி, அதற்குக் கீழே வெறும் எலும்பு.

“கனகேஸ்வரி, என்ன இது?”

“ரெண்டு சட்டை போட்டு மேல முழுக்கைச் சட்டையும் போட்டனான்,” என்றாள் தாய், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “மெலிவு தெரிஞ்சால் டொக்டர் அண்ணை தம்பிக்குச் சொல்லிப்போடுவார். தம்பி பயந்துபோவான். சாப்பாடு இறங்குதில்லை அக்கா. ரெண்டு வாய், பிறகு வாயை இறுக்கி மூடிப்போடுவாள்.”

அந்த இடத்தில் மெற்றில்டா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கன்னத்துக்கு இன்னும் கொஞ்சம் சாயம் பூசினாள். அன்றிரவு கொட்டாஞ்சேனை அறையில் படுத்துக் கண்ணை மூடினால், கடலுக்கு அடியில் அந்தப் பிள்ளை நீலத் துணியைப் போர்த்திக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கிப் போகிறது. மேலேயிருந்து யாரோ ‘எப்பிடி இருக்கிறாய்?’ என்று கேட்கிறார்கள், பிள்ளை தலையாட்டிக்கொண்டே இறங்குகிறது. பயத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த புதன் திரை வெகு தெளிவாய் இருந்தது. டொக்டர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். “அபி, முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கு! கன்னமும் வைச்சிருக்கு. கனகேஸ்வரி, இப்பிடியே போனால் இனி மாசத்துக்கு ஒருக்காக் கதைச்சால் காணும், என்ன?”

கனகேஸ்வரிக்கு வாயெல்லாம் பல். பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெல்லக் கையைத் தூக்கி, சட்டைக் கையால் ஒரு கன்னத்தைத் துடைத்தது. மற்றக் கன்னத்தையும் துடைத்தது. பொட்டு நெற்றி முழுக்க இழுபட்டது. “பிள்ளை, என்ன செய்யிறாய்!” என்று தாய் எழும்பினாள். பிள்ளை கேட்கவில்லை. முழுக்கைச் சட்டையைக் கழற்றிக் கீழே போட்டது, அடுத்த சட்டையின் பொத்தான்களையும் கழற்றியது. உள்ளே இருந்த கையில்லாத பழைய சட்டையோடு நின்று, ஒரு கையைக் கமெராவுக்கு நேரே நீட்டியது, வழக்கமாய்ப் படம் கீறிக் காட்டுகிற மாதிரியே. குச்சிக் கை. முழங்கை மூட்டு புயத்தைவிடப் பெரிதாய் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்துவிட்டது. டொக்டரின் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றது. கண்டாரா, காணவில்லையா? ஒருவருக்கும் தெரியவில்லை. ரயில் ஒன்று வந்து, நடுங்க வைத்து, போய் முடிந்தது. பிள்ளை கையை மடக்கவில்லை. மெற்றில்டா வாழ்க்கையில் எத்தனையோ குரல்களுக்குக் காத்திருந்தவள்; இப்படிக் காத்திருந்ததில்லை. ‘மாதாவே, அவருக்குத் தெரியட்டும்’ என்று வாய்விட்டே சொன்னாள்.

குரல்தான் முதலில் வந்தது. “அந்த லைற்றை நிப்பாட்டுங்கோ.”

மெற்றில்டா நிறுத்தினாள். வெறும் பின்னேர வெளிச்சத்தில் பிள்ளை நின்றது. டொக்டரின் முகம் திரும்ப அசையத் தொடங்கியபோது அதில் சிரிப்பு இல்லை.

“நல்ல பிள்ளை, அபி. காட்டினது நல்லது. நான் கண்டிட்டன்.” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “கனகேஸ்வரி, நான் பாக்கிறது ஒரு யன்னலுக்குள்ளால. நீங்கள் திறந்துவிட்ட அளவுதான் எனக்குத் தெரியும். யன்னலுக்குள்ளால நாடி பிடிக்கேலாது, நிறை பாக்கேலாது. நாளைக்குக் காலமை பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. போகாட்டி இந்தப் பிள்ளை எங்களுக்கு இல்லை.”

“ஐயோ அண்ணை, நீங்களும் எங்களைக் கைவிடுறியளோ?”

“ஆர் சொன்னது? புதன்கிழமை நான் இந்தக் கதிரையிலதான் இருப்பன். மழையைக் காட்டுவன், கதைப்பன். ஆனால் பக்கத்தில இருந்து கையைப் பிடிக்க அங்க ஒரு ஆள் வேணும்.”

திரை அணைந்த பிறகு கனகேஸ்வரி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். “ஆக்கள் காணுவினம் அக்கா, எனக்குச் சிங்களமும் வராது.”

“காணட்டும்! கண்ணிருக்கிற ஆக்கள் காணத்தான் செய்வினம்,” என்று மெற்றில்டா சீறி விழுந்தாள். உண்மையில் கோபம் தன்மேல்தான். “சிங்களத்துக்கு நான் வாறன்.” பிள்ளை கீழே கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்து மடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஒரு த்ரீவீலரில் மூன்று பேரும் நெருங்கி இருந்து போனார்கள். செக்பொயின்றில் துவக்கோடு ஒரு சின்ன ஆமிப் பொடியன் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். கனகேஸ்வரி அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் எடுத்து நீட்டினாள். கோயிலுக்கு என்று சொல்லச் சொல்லித்தான் வழியெல்லாம் அவள் மெற்றில்டாவிடம் கெஞ்சிக்கொண்டு வந்தது.

“லமயாட்ட அசனீப்பாய், மல்லி,” என்றாள் மெற்றில்டா. பிள்ளைக்குச் சுகமில்லை, தம்பி.

அவன் குனிந்து பிள்ளையைப் பார்த்தான். பார்த்த உடனே முகம் மாறிவிட்டது. “யன்ன, அக்கே, இக்மனட்ட,” என்று கையைக் காட்டினான். கெதியாய்ப் போகச் சொல்கிறான் என்பது கனகேஸ்வரிக்கும் விளங்கியது. சுகமில்லை என்ற அந்த வார்த்தையைத் தெருவில் வைத்து வாய்விட்டுச் சொல்லியும் வானம் இடிந்து விழாதது அவளுக்கு ஆச்சரியமாய் இருந்தது.

கிளினிக்கில் ஒரு நீட்டு வாங்கு. முந்தானையைத் தலையில் போட்டு, முகத்தை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு கனகேஸ்வரி ஓரத்தில் இருந்தாள். மறு ஓரத்தில் இன்னொரு பெண் அதேபோல முகத்தை மறைத்துக்கொண்டு, வளர்ந்த மகனோடு இருந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு முந்தானையும் ஒன்றையொன்று பாராமல் இருந்தன. பிறகு மின்விசிறிக் காற்றில் அந்தப் பெண்ணின் சேலை விலகியது. அனெக்ஸில் அடுத்த அறையில் இருக்கிற நாகேஸ்வரி! ஆர் கண்டுவிடக் கூடாது என்று கனகேஸ்வரி இவ்வளவு நாளும் செத்தாளோ, அதே நாகேஸ்வரி. மகன் இந்தியாவில் படிக்கிறான் என்று அனெக்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள்.

இரண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். நாகேஸ்வரிதான் முதலில் தள்ளி இருந்தாள். “இதில வந்து இருமன்,” என்றாள். “அதில வெயில் அடிக்கும்.” மெற்றில்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

உள்ளே வயதான சிங்கள டொக்டர் அம்மா ஒருவர் இருந்தார். கண்ணாடி இல்லை, திரை இல்லை, மேசைக்கு அந்தப் பக்கத்தில்கூட அவர் இருக்கவில்லை. கதிரையை இழுத்து வந்து பிள்ளையின் முழங்கால் தொடும் தூரத்தில் போட்டு, அதன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாடி பார்த்து முடிந்த பிறகும் கையை விடவில்லை. பிள்ளையும் இழுத்துக்கொள்ளவில்லை. யன்னலுக்கு வெளியே ஒரு ஜம்பு மரம். அதன் நிழல் நாலு பேரின் மேலும் மெல்ல அசைந்தது. இவ்வளவு கிட்ட இருந்து ஒருவரையொருவர் பார்த்தும் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்று மெற்றில்டா நினைத்தாள்.

டொக்டர் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். மெற்றில்டா பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “எப்பிடி இருக்கிறீங்க மகள் எண்டு கேக்கிறா.”

பழக்கம் விடுமா? கனகேஸ்வரி முந்திக்கொண்டாள். “நல்லா இருக்கிறா எண்டு சொல்லுங்கோ அக்கா. கொஞ்சம் சாப்பாடுதான்…”

மெற்றில்டா வாயைத் திறந்தாள். ஆயிரம் தரம் சொன்ன சொல், நாக்கின் நுனியில் தயாராய் நின்றது. சொல்ல முடியவில்லை.

“இல்லை.”

துருப்பிடித்த படலை திறக்கிற மாதிரி ஒரு குரல். மூன்று பெண்களும் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை தாயைப் பார்க்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்லை,” என்றது திரும்பவும். “நான் நல்லா இல்லை.”

டொக்டர் மெற்றில்டாவை நிமிர்ந்து பார்த்தார். “மொனவத கிவ்வே?” என்ன சொன்னாள்?

எத்தனை கடல்களுக்கு அப்பாலிருந்து எத்தனை குரல்களை மெற்றில்டா இணைத்து விட்டிருப்பாள்! இப்படி ஒரு சொல்லை ஒருதரமும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. “ஹொந்த நேலு, டொக்டர்,” என்றாள். நல்லா இல்லையாம்.

டொக்டர் தலையை ஆட்டினார். பிந்தவில்லை, அந்தத் தலையாட்டு அந்த இடத்திலேயே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. கனகேஸ்வரி தலையில் கிடந்த முந்தானையை எடுத்துத் தோளில் விட்டாள். முகமெல்லாம் கண்ணீர்.

“ஓம் அக்கா,” என்றாள். “நாங்கள் நல்லா இல்லை. அதையும் சொல்லுங்கோ.”

மெற்றில்டா அதையும் சொன்னாள்.